உல்லாசப் படகுகளில் உயிருக்குப் பொறுப்பாளி யார்?

2005ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் விசித்திரமான வினாவொன்று எழுந்தது. ‘ஜெற் ஸ்கி’ எனப்படும் நீர்ச்சவாரி இயந்திரம் கப்பலா, கப்பலன்றா என்பதே அவ்வினா. கேட்போருக்கு நகைப்பு உண்டாகலாம். ஆயினும் ஒரு மனிதனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை நிலைப்பதா நீங்குவதா என்பது அதற்குரிய விடையிலேயே தங்கியிருந்தது. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வெய்மத் குடாவில் அவர் ஓட்டிய இயந்திரம், நீரில் அசையாது நின்ற வேறொன்றின்மீது மோதியது. அதில் இருந்தவர் படுகாயமுற்றார். ஓட்டியவருக்கு 1995ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டத்தின் கீழ் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதியரசர்களோ அத்தண்டனையை நீக்கினர். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சேர வேண்டும் என்ற நோக்கமின்றி, நீரின்மேல் சுற்றிச் சுழன்று களிப்பதற்கு மட்டுமே பயன்படும் ஒன்று ‘கடற்பயணத்தில் பயன்படும் கலம்’ ஆகாது. கலம் ஆகாதெனின் கப்பலும் ஆகாது. கப்பல் ஆகாதெனின் கப்பற் சட்டம் அதனைத் தீண்டாது என்பது அவர்களது முடிபு.

சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்ப்பின் அம்முடிபிற் குறைகாண இயலாது. குற்றவியற் சட்டத்தை இழுத்து நீட்டி ஒருவனைச் சிறையில் இடுதல் தகாது என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால், உலகின் கப்பற் சட்டங்களுக்கெல்லாம் தாய்வீடு எனத் தன்னை எண்ணிக்கொள்ளும் பிரித்தானியா, நீதிமன்றம் சுட்டிக்காட்டிய அந்த ஓட்டையை அடைப்பதற்கு எத்தனை காலம் எடுத்தது தெரியுமா? பதினேழு ஆண்டுகளுக்கும் மேல்! 2023ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கட்டளையின் மூலமே ஜெற் ஸ்கிகளும் அவைபோன்ற நீர்க்கலங்களும் அச்சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஆபத்து விளையுமாறு ஓட்டுவோருக்கு இன்று இரண்டாண்டு வரை சிறையும், உச்சவரம்பு இல்லாத அபராதமும் விதிக்கலாம்.

பிரித்தானியாவின் கதையே இதுவாயின், விடுமுறைக்கென நம்மவர் பறந்து செல்லும் ஏனைய கடற்கரைகளின் கதை யாதாயிருக்கும் என்பதை வாசகர்கள் உய்த்துணரலாம்.

அரசியற் பத்திரிகைக்கு இவ்விஷயம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருக்கோணமலையிலும் வேர்கொண்ட குடும்பங்கள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சிட்னியிலும் வாழ்கின்றன. பாடசாலை விடுமுறை வந்ததும் பிள்ளைகளுடன் தாய்லாந்துக்கும் பாலித் தீவுக்கும் துபாய்க்கும் மெக்சிக்கோவுக்கும் செல்கின்றன. கொழும்பிலிருந்து செல்வோர் தொகையும் சிறிதன்று. கடலாற் சூழப்பட்ட நாட்டின் மக்கள் நாம் என்று பெருமை பேசுகிறோம். ஆனால் நம்முட் பெரும்பாலோருக்கு நீந்தத் தெரியாது. கடலை அறிந்தவர்கள் நம் மீனவர்கள். சோழகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் நாளில் அவர்கள் வள்ளத்தை இறக்கமாட்டார்கள். நாளை போகலாம் என்று வலையைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். உல்லாசப் பயணிக்கு நாளை என்பது இல்லை. அவன் பணம் கட்டிய நாள் இன்று. நாளை வேறு ஊர், மறுநாள் விமானம். வானம் கறுத்தாலும் போயே தீர்வது என்ற அவசரம் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. கடல் விபத்துக்களிற் பல இந்த அவசரத்திலேயே தொடங்குகின்றன என்பது எமது அபிப்பிராயம்.

முதலில் அவ்வியந்திரத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கவசாக்கிக் கம்பெனியார் 1970களின் தொடக்கத்தில் தமது சரக்குக்கு இட்ட பெயரே ஜெற் ஸ்கி. இன்று எவர் செய்ததாயினும் உலகம் அப்பெயராலேயே அழைக்கிறது. படகுக்கு இருப்பதுபோல் இதற்கு வெளியே சுழலும் விசிறியும் இல்லை, சுக்கானும் இல்லை. அடிப்புறத்தால் நீரை உறிஞ்சிப் பின்புறக் குழாயின் வழியே மிகுந்த விசையோடு பீச்சுகிறது. அந்த வீச்சே இதனை முன்னே தள்ளுகிறது; அவ்வீச்சின் திசையைக் கைபிடியால் மாற்றுவதனாலேயே இது திரும்புகிறது. இதிலிருந்து விளைவதென்ன? விசையைக் கைவிட்டால் நீர்வீச்சு நிற்கிறது. நீர்வீச்சு நின்றால் திருப்பும் வல்லமையும் நின்றுவிடுகிறது. முன்னே யாரோ நீந்துவதைக் கண்டு திடுக்கிட்ட புதியவன் என்ன செய்வான்? விசையை விட்டுவிட்டுக் கைபிடியைத் திருப்புவான். சைக்கிளிலும் மோட்டார் வண்டியிலும் பழகிய கை அதைத்தான் செய்யும். இயந்திரமோ திரும்பாமல், தான் சென்ற நேர்வழியே வழுக்கிச் சென்று மோதும். புதிதாக வரும் இயந்திரங்கள் சிலவற்றில் இக்குறைக்கு மாற்றும், வேகந்தணிக்கும் பொறியும் அமைத்திருக்கிறார்கள். கடற்கரையில் வாடகைக்கு விடப்படும் பழைய இயந்திரத்தில் அவை உண்டோ இல்லையோ, கேட்டால்தான் தெரியும். கேட்பார் யார்?

மணிக்கு 60 கிலோ மீற்றர் வேகத்திற் செல்லும் ஒன்று ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கும். பெரிய இயந்திரங்கள் மணிக்கு 100 கிலோ மீற்றரையும் எட்டவல்லன. இத்தகைய ஒன்றை, தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் தொட்டறியாதவனிடம் ஐந்து நிமிடக் கைச்சாடையோடு ஒப்படைப்பதே கடற்கரை வழக்கமாக இருக்கிறது.

இயந்திரத்தோடு ஒரு சிறு கயிறும் உண்டு. அதன் ஒரு தலைப்பு ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ உயிர்காப்பு அங்கியிலோ மாட்டப்படவேண்டும். மறு தலைப்பு இயந்திரத்தை நிறுத்தும் ஆளியிற் கொளுவப்பட்டிருக்கும். ஓட்டுபவர் நீரில் வீழ்ந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் அணைந்துவிடும். அது கட்டப்படாதிருந்தால், ஆளில்லாத இயந்திரம் நீந்துவோர் நடுவே ஓடித்திரியவும் கூடும். பின்னிருக்கையில் அமர்பவருக்கோ வேறோர் ஆபத்து. திடீரென விசை முடுக்கப்பட்டதும் அவர் மல்லாந்து விழுந்தால், பீச்சும் நீர் உடலினுள்ளே பாய்ந்து உள்ளுறுப்புக்களைச் சிதைத்துவிடும். இதனை நாம் கற்பித்துக் கூறவில்லை. தடித்த இறப்பர் நீராடையை இடுப்புக்குக் கீழும் அணியவேண்டும் என்று, அவ்வியந்திரத்தைச் செய்தவர்களே அதன்மேல் எச்சரிக்கை ஒட்டி விற்கிறார்கள். வெப்ப நாட்டுக் கடற்கரையில் அத்தகைய ஆடையை அணிந்து பின்னிருக்கையில் ஏறிய ஒருவரை வாசகர்கள் கண்டதுண்டா? எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதுவும் வெயிலிலும் உப்பிலும் தேய்ந்து போயிருக்கிறது. வாசிக்க முடியாத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது என்பது எமது நிலைப்பாடு. மொழியுரிமை என்றதும் கந்தோர்களையும் நீதிமன்றங்களையும் மட்டுமே எண்ணுவோர் இதனையும் எண்ணிப்பார்ப்பாராக.

சில காலத்துக்கு முன் எமது அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். இலண்டனில் வேலை பார்ப்பவர். திருமணமாகி நான்கு மாதம். மனைவியோடு தாய்லாந்துக் கடற்கரை ஒன்றுக்குச் சென்று, அரைமணி நேரத்துக்கென ஜெற் ஸ்கி ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். அடமானமாகக் கடவுச்சீட்டைக் கேட்டிருக்கிறார்கள், கொடுத்துவிட்டார். தாளொன்றை நீட்டியிருக்கிறார்கள், ஒப்பமிட்டுவிட்டார். திரும்பி வந்ததும், அடிப்புறத்திற் கீறல் இருப்பதாகச் சொல்லி நாலைந்துபேர் சூழ்ந்துகொண்டு, இயந்திரத்தின் விலையிற் பாதியளவு பணம் கேட்டிருக்கிறார்கள். கடவுச்சீட்டு அவர்கள் கையில். மறுநாள் விமானம். கொடுத்துத் தீர்த்துவிட்டு வந்து, ‘ஐயா, இதற்கு ஏதேனும் வழி உண்டா?’ என்று எம்மைக் கேட்டார்.

இந்தச் சூழ்ச்சி புதிதன்று. புக்கெற் தீவின் பற்றோங் கடற்கரையில் நடந்த இத்தகைய மிரட்டல் ஒன்றை 2009ஆம் ஆண்டு பிரித்தானியத் தொலைக்காட்சியொன்று படம்பிடித்துக் காட்டியதும் உலகெங்கும் பேச்சாயிற்று. கடவுச்சீட்டை அடமானம் வைக்கவேண்டாம் என்று பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சு தன் குடிமக்களுக்கு அறிவுறுத்துகிறது. இயந்திரத்தை ஏற்குமுன் அதன் எல்லாப் பக்கங்களையும், அடிப்புறம் உட்பட, உரிமையாளன் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுதல் ஒன்றே கீறல் வழக்குக்குச் சாட்சியம். இவற்றை அவருக்குச் சொன்னோம். காலம் கடந்த ஆலோசனை.

ஆனால், எமக்கு அதிர்ச்சி தந்தது அவர் இழந்த பணமன்று. ‘உங்கள் மனைவி நீந்துவாரா?’ என்று கேட்டோம். இல்லை என்றார். கயிற்றை மணிக்கட்டிற் கட்டினீர்களா என்று கேட்டோம். எந்தக் கயிறு என்று எம்மையே திருப்பிக் கேட்டார். அவர்கள் இருவரும் உயிரோடு திரும்பியதை எண்ணிப் பணத்தை மறந்துவிடும்படி சொல்லி அனுப்பினோம்.

அவர் ஒப்பமிட்ட தாளை வாசித்தோம். ‘எத்தகைய காயத்துக்கும் மரணத்துக்கும் நாம் பொறுப்பல்ல, யாவும் உமது சொந்தப் பொறுப்பிலேயே’ என்பது அதன் சாரம். இத்தகைய தாளில் ஒப்பமிட்டவர்கள், பின்னர் கையிழந்தாலும் காலிழந்தாலும், ‘நாம்தானே கையெழுத்து வைத்தோம்’ என்று வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். சட்டம் அவ்வளவு குருடன்று. கவனயீனத்தினால் விளையும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்த வாசகத்தினாலோ அறிவித்தற் பலகையினாலோ ஒருவர் தட்டிக்கழிக்க முடியாது என்று, 1977ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் சட்டம் விதித்தது. அதே வழியில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. விந்தை யாதெனில், தாய்லாந்தும் அதே 1997ஆம் ஆண்டிலேயே அத்தகைய சட்டமொன்றை இயற்றியது. உயிருக்கும் உடலுக்கும் உடல்நலத்துக்கும் கவனயீனத்தால் நேரும் கேட்டுக்குப் பொறுப்பில்லை எனும் வாசகம் அங்கும் செல்லாது. ஆகவே, கடற்கரையில் நீட்டப்படும் தாள் தோற்றத்திற் காட்டும் அளவுக்கு வலிமையுடையதன்று. அதனைக் கண்டு அஞ்சி உரிமையைக் கைவிடுதல் வேண்டாம்.

எனினும், உரிமை வேறு, அதனைக் கையிற் பெறுதல் வேறு என்பதை நியாயதுரந்தரர் தொழிலில் உள்ளோர் நன்கறிவர். இரண்டு இயந்திரங்களையும் ஒரு குடையையும் தவிர வேறு சொத்தில்லாத கடற்கரை வியாபாரிமீது, மொழி தெரியாத நாட்டின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, வென்றுதான் என்ன பெறுவது? பயணக் காப்புறுதி இருக்கிறதே என்பர் சிலர். காப்புறுதிப் பத்திரங்கள் பல, விசைப்படகையும் ஜெற் ஸ்கியையும் சிறு எழுத்தில் விலக்கிவைத்திருக்கின்றன. பிறருக்கு விளைவித்த காயத்துக்கு ஈடு தரமாட்டோம் என்று கூறுவனவும் உண்டு. விமானச் சீட்டோடு காப்புறுதியையும் வாங்கிய திருப்தியில் அதைப் பிரித்தே பாராதவர் பெரும்பாலோர்.

இவ்விடத்தில், நம்மவர் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பொன்று உண்டு. 1971 வரை நம் நாட்டு மேன்முறையீடுகளையும் கேட்டுவந்த கோமறைக் கழகம், 1995ஆம் ஆண்டு நவம்பரில் ஹொங்கொங்கிலிருந்து சென்ற வழக்கொன்றை முடிவுசெய்தது. ஹொங்கொங்கைச் சேர்ந்த ஒரு பெண், அங்குள்ள பயணக் கம்பெனியொன்றுக்குப் பணம் கட்டிச் சீனப் பெருநிலத்தில் ஏரியொன்றைப் பார்க்கச் சென்றார். குழு தாமதமாகச் சென்றதால் ஏரியைக் கடக்கும் ஓடம் போய்விட்டது. பதிலாக ஒரு விசைப்படகு கிடைத்தது. எல்லோரையும் ஏற்றிச்செல்ல மூன்று தடவை போகவேண்டியிருந்தது. இரண்டு தடவை ஓட்டிய படகோட்டி மூன்றாம் தடவைக்கு மறுத்துவிட்டான். வேறோர் ஊழியன் முன்வந்தான். மிகையான வேகத்தில் ஓட்டி, மீன்பிடிப் படகொன்றின்மீது மோதினான். இருவர் நீரில் மூழ்கி இறந்தனர். அவருள் அப்பெண்ணும் ஒருவர். தாயார் வழக்காளியானார்.

பயணக் கம்பெனியின் எதிர்வாதத்தை வாசகர்களே ஊகிக்கலாம். படகு எமதன்று, படகோட்டி எமது ஊழியனல்லன், ஏரியும் வேறு நாட்டில் உள்ளது; நாம் ஏற்பாடு மட்டுமே செய்தோம் என்பது. ஹொங்கொங் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. கோமறைக் கழகம் ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதிய சிலின் பிரபு, கம்பெனியின் விளம்பரப் பத்திரத்தை எடுத்து வாசித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ‘நாம்’ வண்டியேறுவோம், ‘நாம்’ உண்போம் என்று ‘நாம்’ என்ற சொல்லே அதில் வந்திருந்தது. அந்த ‘நாம்’ கம்பெனியையும் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் சேர்த்துப் பிணைக்கிறது. ஆகவே அச்சேவைகளைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் வழங்கும் கடமையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அதைப் பிறர் கையில் ஒப்படைத்ததனால் அக்கடமை நீங்காது என்று கழகம் தீர்த்தது. தாயாருக்கு நட்டஈடு உறுதியாயிற்று. (பத்திரிகைத் தொழிலில் உள்ள நாமும் ‘நாம்’ என்று எழுதும்போது சற்று எச்சரிக்கையாயிருக்க வேண்டும் போலும்!)

எந்த விபத்துக்கும் கம்பெனியே பொறுப்பு என்று அத்தீர்ப்புக் கூறவில்லை. சேவையை வழங்குவதாகக் கம்பெனி ஏற்றுக்கொண்டதா, அன்றிப் பிறருக்கு முகவராக நின்று சீட்டு மட்டும் விற்றதா என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. அதே வழியில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு யூலையில் இன்னொரு வழக்கைத் தீர்த்தது. அது நம் நாட்டில் நிகழ்ந்தது. 2010இல் இலங்கை வந்த பிரித்தானியத் தம்பதியருள் மனைவிக்கு விடுதி ஊழியன் ஒருவன் கொடுங்குற்றம் இழைத்தான். ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்தையும் பெற்ற பின்னர், பயணத்தை ஒழுங்குசெய்த இங்கிலாந்துக் கம்பெனியே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. படகு விபத்து அன்றாயினும் நெறி ஒன்றே.

இதிலிருந்து நம்மவர் கைக்கொள்ள வேண்டியது யாதெனில், கடற்கரையில் வழிமறிப்பவனிடம் பேரம்பேசி வாங்கும் சவாரிக்கு அவனைத் தவிர வேறு பொறுப்பாளி இல்லை. ஊரில் வாங்கிய பயணத் தொகுதியின் உள்ளேயே அடங்கிய சவாரிக்கு ஊர்க் கம்பெனியை ஊர் நீதிமன்றத்திலேயே நிறுத்தலாம். சில நாணயங்கள் குறைவு என்பதற்காக முன்னதைத் தெரிவுசெய்வோர், தாம் விட்டுக்கொடுப்பது எதனை என்று அறிந்தாவது செய்யட்டும்.

சட்டம் பேசியது போதும். இறந்தவனுக்கு நட்டஈடு எதற்கு?

2018ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள், புக்கெற் தீவுக்கு அப்பால், ‘பீனிக்ஸ்’ என்ற உல்லாசப் படகு நூற்றுக்கு மேற்பட்டோருடன் திரும்பிக்கொண்டிருந்தது. வானிலைத் திணைக்களம் எச்சரிக்கை விடுத்திருந்த காலம் அது. படகு கவிழ்ந்து மூழ்கியது. சீன நாட்டு உல்லாசப் பயணிகள் 47 பேர் மாண்டனர்; சிறுவர்களும் அவருள் அடங்குவர். அதே யூலை 19ஆம் நாள், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஏரியொன்றில், நீரிலும் நிலத்திலும் செல்லும் ‘வாத்துப் படகு’ ஒன்று 31 பேருடன் புயலில் அகப்பட்டது. அது நீரில் இறங்குமுன்பே புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 17 பேர் இறந்தனர். அவர்களில் ஒன்பது பேர் ஒரே குடும்பத்தவர். உயிர்காப்பு அங்கிகள் படகில் இருந்தன, எவரும் அணிந்திருக்கவில்லை. அதன் கூரையும் பக்கத்திரைகளும் பொறிபோல் அமைந்து மக்களை உள்ளே வைத்துக்கொண்டு மூழ்கின. 1999ஆம் ஆண்டில் ஆக்கன்சா மாநிலத்தில் இத்தகைய படகே மூழ்கி 13 பேர் இறந்தபோது, அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஆராய்ந்து, அக்கூரைகளை அகற்றுங்கள் என்று பரிந்துரைத்திருந்தது. அகற்றவில்லை. பத்தொன்பது ஆண்டுகளின் பின் மேலும் 17 பிணங்கள். 2022 டிசெம்பரிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் அதனைச் சட்டமாக்கிற்று. செல்வத்திற் சிறந்த நாட்டின் வேகம் இது!

கேரளத்துத் தேக்கடியில் 2009ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள் நிகழ்ந்ததும் மறக்கற்பாலதன்று. முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கத்தில் விலங்குகளைக் காட்டச் சென்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றோர் பலர். கரையில் விலங்கு தோன்றிற்று என்று எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது படகு புரண்டதாகக் கூறப்பட்டது. மேல்தட்டிற் பாரம் ஏற ஏறப் படகின் சமநிலை குறையும் என்பது நம் ஓட்டிகளுக்கு எழுத்தறியாமலே தெரிந்த பாடம். 2025 யூலை 19ஆம் நாள் வியத்நாமின் ஹாலோங் குடாவில் திடீர்ப் புயலிற் கவிழ்ந்த படகில் 35 பேருக்கு மேற்பட்டோர் மாண்டதும், மூடிய அறைக்குள் அகப்பட்டோர் வெளியேற இயலாது போனதும் அண்மைச் செய்தி.

அங்கி அணிந்தால் மட்டும் போதுமா என்று கேட்பின், போதாது. மூடிய அறைக்குள் இருப்பவனை அங்கியின் மிதப்பே கூரையோடு ஒட்டவைத்துவிடும். ஆகவே திறந்த தட்டில், வாயிலுக்கு அருகே இருப்பதே அறிவுடைமை. ஆனால் அங்கியில்லாதவன் நிலை அதனினும் மோசம் என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்கக் கரையோரக் காவற் படையினரின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உல்லாசப் படகு விபத்துக்களில் அவ்வாண்டு 564 பேர் இறந்தனர். இறப்பின் காரணம் தெரிந்தோருள் நூற்றுக்கு 75 பேர் நீரில் மூழ்கியவர்கள். அங்கி பற்றிய விவரம் கிடைத்த மூழ்கியோருள் நூற்றுக்கு 87 பேர் அங்கி அணியாதவர்கள். அழகு கெடும் என்றும் புழுக்கம் என்றும் அங்கியை மடியில் வைத்துப் படம் எடுக்கும் நம் இளைஞர்கள் இக்கணக்கைப் பார்க்கட்டும்.

கனடாவில் வாழும் நம்மவருக்குத் தனியாக ஒரு சொல். அங்கே இயந்திரப் படகு ஓட்டுவதற்குத் தகைமை அட்டை வேண்டும்; வாடகைக்கு எடுப்பவரும் பாதுகாப்புப் பட்டியலை நிரப்பி, விளக்கம் கேட்ட பின்னரே புறப்படலாம். 16 வயதுக்கு உட்பட்டோர் ஜெற் ஸ்கி ஓட்டுதல் ஆகாது. ஒன்ராறியோ ஏரிகளில் இவ்விதிகளுக்கு அடங்கி நடப்பவர், விமானம் ஏறி வேறு நாட்டில் இறங்கியதும் பன்னிரண்டு வயது மகனின் கையிற் கைபிடியைக் கொடுத்துப் படம் எடுக்கிறார். கனடாக் கடல்நீர் மட்டுமா ஆளை மூழ்கடிக்கும்?

கடலில் வேலியில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2023 ஓகஸ்ற் மாத இறுதியில், மொறோக்கோவின் சயீடியாக் கடற்கரையிலிருந்து ஜெற் ஸ்கிகளிற் சென்ற நால்வர், எரிபொருள் தீர்ந்து வழிதவறி அல்ஜீரியக் கடற்பரப்பினுட் புகுந்தனர். கரையோரக் காவலர் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர், ஒருவர் சிறைப்பட்டார். விடுமுறைக்கு வந்தவர்கள் அவர்கள். இரு நாடுகளும் பகைமையில் இருந்தன. நீரின்மேற் கோடு தெரியவில்லை. 1974இலும் 1976இலும் வரையப்பட்ட கடலெல்லைக் கோடுகளின் பலனை நாள்தோறும் கண்டுவரும் பாக்குநீரிணைக் கரையோர மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எல்லைக்கு அண்மையிலுள்ள எந்த உல்லாசக் கடற்கரையிலும், எதுவரை செல்லலாம் என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். அயல்நாட்டான் புக்கெற்றிற் செய்வதைக் கண்டிக்கும் நாம், பெந்தோட்டை ஆற்றிலும் மிரிசைக் கடலிலும் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லும் வள்ளங்களிலும் பாசிக்குடாவிலும் யாது நடக்கிறது என்று கேட்டோமா? இந்நாட்டுக்கு வரும் ஜேர்மானியனுக்கும் ரஷ்யனுக்கும் நம் கரை வெளிநாட்டுக் கரையன்றோ? அவன் பிள்ளையும் பிள்ளையே. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் உயிரிழந்தபோது நாடே அழுதது; அனுமதி கொடுத்தது யார், பார்வையிட்டது யார் என்று பல நாள் பேசினோம். திருவிழாக் காலத்திற் குறிகட்டுவான் துறையில் நெருக்கியடித்து ஏறும் அடியார்களைப் பார்த்தவர்கள், நாம் அப்பேச்சை மறந்துவிட்டோம் என்பதையும் பார்த்திருப்பார்கள்.

உல்லாசப் பயணத்துறையால் வரும் வருமானத்தைப் பற்றி எல்லா அரசாங்கங்களும் பேசுகின்றன. வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு ஜெற் ஸ்கியும் இலக்கமிடப்பட்டுப் பதியப்பட வேண்டும். மூன்றாம் ஆளுக்கான காப்புறுதி இன்றேல் அனுமதிப்பத்திரம் இல்லை என்ற விதி வேண்டும். வீதியில் ஓடும் முச்சக்கர வண்டிக்கு அதைக் கட்டாயமாக்கிய நாட்டுக்கு இஃது அரிதன்று. நீந்துவோர் பகுதியை மிதவைகளால் வேறாக்குதலும், அன்றன்றைய வானிலை அறிவித்தலைத் துறைமுகத்தில் ஒட்டிக் கொடியேற்றுதலும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. அறிவித்தற் பலகை சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும்; வருவோர் மொழி ஒன்றிரண்டையும் சேர்த்தால் நன்று. படகோட்டிகள் இதனால் தம் பிழைப்புக் கெடும் என அஞ்சவேண்டியதில்லை. ஒரு விபத்து ஒரு கடற்கரையின் பிழைப்பையே கெடுத்துவிடும் என்பதை 2018க்குப் பின் புக்கெற் வியாபாரிகள் கண்டார்கள்; சீனப் பயணிகளின் வருகை குறைந்து வெறுமையான படகுகள் கட்டிக்கிடந்தன.

கீழ்க்கரையில் உல்லாசப் பருவம் மே மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்னர், நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் அறுகங்குடாவிலும் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற படகுகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை பேரை ஏற்றலாம், அங்கிகள் எத்தனை உள்ளன என்ற பட்டியலை உரிய அதிகாரிகள் வெளியிடவேண்டும் என்று கேட்கிறோம். அவர்கள் அதை எமக்கு அனுப்பிவைப்பாராயின், கட்டணம் எதுவுமின்றி முழுமையாகப் பிரசுரிக்க ஆயத்தமாயிருக்கிறோம்.